காய்ச்சல் நேரத்துக் கால்சியம்: வாசகர் கேள்வி – பதில்

மழை பிடித்ததிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து காய்ச்சல் பற்றிய கடிதங்களே அதிகம் வருகின்றன. அவற்றில் கால்சியத்தைத் தொட்ட கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். நான் மருத்துவர் இல்லை. லேப் டெக்னீசியன் படிக்கும் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது, செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். மருந்து எழுத வேண்டியவர் உங்களைப் பார்க்கிற டாக்டர்தான்.

என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். பிளேட்லெட் இறங்கி மறுபடி ஏறிடுச்சு. ஆனா ரிப்போர்ட்ல கால்சியம் 7.6, ஆல்புமின் 2.6னு போட்டிருந்துது. "வைரஸ் எலும்புச் சத்தை உறிஞ்சிடுச்சு, கால்சியம் மாத்திரையை ரெண்டு ரெண்டா குடு"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நாங்க தினமும் ராகி களி சாப்பிடற குடும்பம் டீச்சர். எங்களுக்கு எப்படிக் குறையும்?
– பாலக்கோடு வாசகி

எலும்பை வைரஸ் உறிஞ்சவில்லை அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு அது ஏறக்குறைய ஒரு கிலோ. ரத்தப் பரிசோதனையில் தெரிவது மிச்சமிருக்கும் துளியில் ஒரு பகுதி. அதிலும் கிட்டத்தட்ட பாதி, ஆல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. பெரும்பாலும் மறுபாதிதான் அயனியாகத் தனித்து இருக்கிறது. தசைக்கும் நரம்புக்கும் வெள்ளை அணுவுக்கும் பயன்படுவது இந்த அயனிக் கால்சியம்.

டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது. நீரோடு சேர்ந்து ஆல்புமினும் வெளியே போய்விடுகிறது. ஆல்புமின் குறைந்தால் அதோடு ஒட்டியிருந்த கால்சியமும் கணக்கில் குறையும்; அயனிக் கால்சியம் அப்படியே இருக்கக்கூடும். இதற்கு லேபில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே எத்தனை கிராம் குறைகிறதோ, அதை 0.8-ஆல் பெருக்கி, ரிப்போர்ட்டில் உள்ள கால்சியத்தோடு கூட்டவேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பாருங்கள்: 4-இல் 2.6 போக 1.4, அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.12, 7.6-உடன் கூட்டினால் 8.7. வழக்கமான அளவு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. அப்படியானால் அவருடைய கால்சியம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்திருக்கிறது. ஆல்புமின் வரியைப் பார்க்காமல் கால்சியம் வரியை மட்டும் படித்துப் பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். கணக்கு தோராயம் என்பதால் சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியத்தை நேராகவே அளக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

இதை வைத்து, காய்ச்சலில் கால்சியம் உண்மையாகவே குறையாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான டெங்குவில் அயனிக் கால்சியமும் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் கோவிட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலருக்கு ரத்தக் கால்சியம் குறைவாக இருந்தது; நோய் முற்றியவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, சிறுநீரகம், வீக்கத்தைத் தூண்டும் புரதங்கள் என்று பல காரணங்கள் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. சாப்பாட்டில் சத்து போதாததால் ஓரிரு நாளில் நேர்கிற இறக்கம் இல்லை அது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்து ஊசி குத்துவது போலிருந்தால், கை விரல்கள் தானாக இழுத்துக்கொண்டால், உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். அந்த நிலையில் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். வீட்டில் இரண்டிரண்டாக மாத்திரை போடுவதால் மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

ராகியை நிறுத்தாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசி பக்கத்திலேயே வரமுடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். களியோடு மோரும் கீரையும் சேர்ந்தால் எலும்புக்கு நல்லது. டெங்குவைத் தடுக்கும் வேலை மட்டும் களிக்கு இல்லை.

எலும்பு, தசை, ரத்தம் உறைதல்னு கால்சியத்துக்குப் புத்தகத்துல போட்டிருக்கு. வெள்ளை அணுவுக்கு எதுக்கு மேடம் கால்சியம்?
– பிளஸ் டூ மாணவர், ஊத்தங்கரை

தம்பி, இந்தக் கேள்விக்குப் பக்கம் போதாது என்று தெரிந்தும் நீளமாகவே எழுதப்போகிறேன்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நீ பார்த்திருப்பாய். மதகுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்கும், அந்தப் பக்கம் தரை தெரியும். செல்லுக்கு வெளியே கால்சியம் அப்படித்தான் நிற்கிறது. வெளியில் இருப்பது உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலிலும் ஒரு சேமிப்பு உண்டு. மற்ற இடமெல்லாம் எப்போதும் வற்றலாகவே இருக்க, செல் ஆற்றலைச் செலவழித்துக் கால்சியத்தை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு சிரமம் எதற்கு? உள்ளே வற்றிக் கிடந்தால்தான், மதகைக் கொஞ்சம் தூக்கினாலும் அளவு சட்டென்று ஏறும். அந்த ஏற்றமே செல்லுக்கு உத்தரவு.

வைரஸ் புகுந்த செல், வைரஸ் புரதத்தின் ஒரு துணுக்கைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதற்குப் பொருந்தும் ஏற்பி உள்ள டி செல் (வெள்ளை அணுவில் ஒரு வகை) வந்து தொட்டவுடன் நடப்பதைக் கவனி. டி செல்லுக்குள் ஐபி3 என்ற சிறிய மூலக்கூறு உருவாகிறது. அது எண்டோபிளாச வலையிலிருக்கும் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. சேமிப்பு காலியாவதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல்லின் வெளிச்சவ்வை நோக்கி நகர்ந்து, அங்கிருக்கும் ஒராய்1 என்ற சேனலைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் பாய்கிறது. அதைக் கால்மாடுலின் என்ற புரதம் பிடித்துக்கொண்டு கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. கால்சிநியூரின், என்ஃபேட் என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. கழற்றியதும் என்ஃபேட் உட்கருவுக்குள் போய், இன்டர்லூகின்-2 போன்ற மரபணுக்களை இயக்குகிறது. டி செல் பெருகத் தொடங்குகிறது. ஏற்றம் நீடித்தால்தான் இது முழுமையாகும். கால்சியம் சீக்கிரமே இறங்கிவிட்டால் என்ஃபேட் உட்கருவை விட்டு வெளியே வந்துவிடும்.

வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் டி செல்லுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தன்னிடமுள்ள பெர்ஃபோரின் துகள்களை வெளியேற்றக் கால்சியம் வேண்டும். வெளியே வந்த பெர்ஃபோரின் அந்தச் செல்லின் சவ்வில் ஒட்டித் துளை போடவும் கால்சியம் வேண்டும்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது? 1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டார். குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் இதயம் துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்ததில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம். நூறு ஆண்டு கழித்து, 1985-இல், ரோஜர் சியென் குழு ஃப்யூரா-2 என்ற சாயத்தை வெளியிட்டது. கால்சியத்தோடு சேரும்போது அதன் ஒளிர்வு மாறும். உயிரோடிருக்கும் ஒற்றை டி செல்லில் கால்சியம் ஏறி இறங்குவதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடிந்தது. ஸ்டிம்1-இன் வேலை 2005-இல் தெரிந்தது. 2006-இல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் அஞ்சனா ராவ் உள்ளிட்ட குழுவினர், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குலைந்திருந்த, ஒரே வீட்டுக் குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்து ஒராய்1 சேனலைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் டி செல்கள் இருந்தன. சேனல் திறக்காததால் அவற்றால் வேலை செய்ய முடியவில்லை. சாதாரணக் கிருமிகூட அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து. ஒரே ஒரு எழுத்து மாறிய மரபணு இவ்வளவு செய்யும் என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

வைரஸ் இந்தக் கால்சியத்தைக் கூட்டுமா, குறைக்குமா? எதனால் அப்படிச் செய்கிறது? எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன்.
– ஓசூர் வாசகி

கூட்டும் வைரஸும் உண்டு, குறைக்கும் வைரஸும் உண்டு. அந்த வைரஸுக்கு எது தேவை என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

எச்.ஐ.வி. எடுத்துக்கொள்ளுங்கள். அது குடியேறுவது சி.டி.4 டி செல்லில். தூங்கிக்கொண்டிருக்கும் டி செல்லில் அதனால் நன்றாகப் பெருக முடியாது. விழித்த செல் வேண்டும். அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே என்ஃபேட் வந்து அமர இடம் இருக்கிறது. அதனால் டி செல்லின் கால்சியம் வழியைத் தூண்டிவிடுவது அதற்கு லாபம். அதன் நெஃப் என்ற புரதம் இந்த வேலையில் பங்கெடுக்கிறது. நம்மைக் காக்க வைத்திருக்கும் உத்தரவையே வைரஸ் தன் நகலெடுப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

டி செல்லில் புற்றுநோய் உண்டாக்கும் எச்.டி.எல்.வி-1 இன்னும் நேரடியாகப் போகிறது. அதன் பி12 புரதம் எண்டோபிளாச வலையிலேயே உட்கார்ந்து கால்சியத்தைக் கசியவிடுகிறது. யாரும் வந்து தொடாமலே என்ஃபேட் இயங்குகிறது, செல் பெருகுகிறது, வைரஸும் கூடவே பெருகுகிறது.

காக்ஸாக்கி வைரஸின் வழி வேறு. அதன் 2பி புரதம் எண்டோபிளாச வலையிலும் கோல்கையிலும் ஓட்டை போட்டுச் சேமிப்பையே குறைத்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட செல் தானாக மடிவதற்கும் கால்சியம் தேவை என்பதால், சேமிப்பு குறைந்த செல் சாவதற்குத் தாமதமாகிறது. அந்த அவகாசத்தில் வைரஸ் தன் நகல்களை எடுத்து முடித்துவிடும். 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸின் ஈ புரதமும் ஒரு சேனல்தான். அதன் வழியே கால்சியம் நகரும்போது என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சி அமைப்பு தூண்டப்படுகிறது என்று 2015-இல் காட்டினார்கள். நுரையீரலில் வீக்கம் மிஞ்சிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வைரஸ் நேரடியாகப் புகாத டி செல்லுக்கும் தொல்லை வரும். இதைத்தான் நீங்கள் கூர்ந்து படிக்கவேண்டும் என்பேன். நாள்பட்ட தொற்றில் டி செல் ஓயாமல் தூண்டப்படுகிறது. என்ஃபேட் உட்கருவுக்குப் போனால் மட்டும் போதாது, ஏபி-1 என்ற துணைப் புரதமும் அங்கே வேண்டும். துணையில்லாமல் என்ஃபேட் மட்டும் இயங்கினால் டி செல் சோர்ந்து செயலிழக்கும் பாதையில் போகிறது என்று 2015-இல் அஞ்சனா ராவ் ஆய்வகம் காட்டியது. ஆக, கால்சியம் உத்தரவு வராமல் போனாலும் கெடுதல். துணையில்லாமல் வந்துகொண்டே இருந்தாலும் கெடுதல். கோவிட் நேரத்தில், மேலே சொன்ன ஒராய்1 சேனலைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் கடும் நிமோனியா நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். பிறவியில் சேனல் திறக்காத குழந்தை தவிக்கிறது, சேனல் மிதமிஞ்சி இயங்கும் பெரியவருக்கு அதை அடக்க மருந்து தேடுகிறோம். ப்ராஜெக்ட் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இங்கிருந்தே தொடங்கலாம்.

குழந்தைக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டோம். அப்படியும் பேதி வந்தது. இதுலயும் கால்சியம் சம்பந்தம் இருக்கா?
– அரூர் வாசகி

இருக்கிறது, வெள்ளை அணுவில் இல்லை, குடல் செல்லில். ரோட்டா வைரஸின் என்.எஸ்.பி.4 புரதம் குடல் செல்லின் கால்சியத்தைக் குலைக்கிறது. அதனால் செல்லிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுகின்றன. பாதிக்கப்பட்ட செல், பக்கத்திலுள்ள நல்ல செல்களிலும் கால்சிய அலையை எழுப்புகிறது என்று 2020-இல் கண்டார்கள். கொஞ்சம் செல்களில் தொற்று இருந்தும் பேதி இவ்வளவு போவது அதனாலும்தான்.

6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் அந்தச் சொட்டு எல்லாப் பேதியையும் நிறுத்தாது அம்மா. உயிருக்கு ஆபத்தாகும் கடும் ரோட்டா பேதியைப் பெருமளவு குறைக்கும். பேதி வந்தால் கால்சியம் சிரப் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாக விடாமல் கொடுங்கள், தாய்ப்பால் நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஜிங்க் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிடைக்கும். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், மூத்திரம் போகாமல் சோர்ந்து கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எங்க ஊர் போர் தண்ணியில ஃப்ளோரைடு. பல்லெல்லாம் காவி. இதனாலதான் அடிக்கடி சளிக் காய்ச்சல் வருதா?
– நல்லம்பள்ளி வாசகர்

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை ஐயா. ஃப்ளோரைடு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. பல் காவியாவதும், நாளாவட்டத்தில் மூட்டும் முதுகும் இறுகுவதும் அதனால்தான். சளிக் காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொற்றுவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அதைக் குடிக்கக்கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நம் இரண்டு மாவட்டத்து ஃப்ளோரைடுக்காக வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள், போர் தண்ணீரைப் புழங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருக்கிறோம். டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறார். லேசான காய்ச்சல் என்றாலும் உடனே வரச் சொல்கிறார்கள். அலைச்சலாக இருக்கிறது. அவ்வளவு பயப்பட வேண்டுமா?
– பர்கூர் வாசகர்

அலைச்சலைப் பார்க்காதீர்கள். மேலே ஊத்தங்கரை மாணவருக்குச் சொன்ன கால்சிநியூரின் நினைவிருக்கிறதா? டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் அதைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. கால்சியம் செல்லுக்குள் வரும், ஆனால் என்ஃபேட்டுக்கு உத்தரவு போய்ச் சேராது. அதனால்தான் புதிய சிறுநீரகத்தை டி செல்கள் தாக்காமல் இருக்கின்றன. அதே காரணத்தால் வைரஸையும் அவை தாமதமாகவே எதிர்க்கின்றன. மற்றவர்களிடம் அடங்கிக் கிடக்கும் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) போன்ற வைரஸ்கள் உங்கள் அண்ணன் போன்றவர்களிடம் தலைதூக்கும். காய்ச்சல் லேசாகத் தெரிவதே மருந்தின் விளைவாக இருக்கலாம்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. காய்ச்சல் என்று பயந்து நீங்களாக நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக்கோ வலி மாத்திரையோ கேட்டு வாங்காதீர்கள். சிலது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், சிலது சிறுநீரகத்தையே கெடுக்கும். பம்பளிமாஸ் பழமும் அந்த அளவை ஏற்றும், வேண்டாம். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் அவருக்கு ஆகாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொண்டால் அவருக்குப் பாதுகாப்பு.

பிரஷருக்கு ஆம்லோடிபின் சாப்பிடறேன். அது கால்சியத்தை அடைக்கிற மாத்திரையாமே. அப்போ எனக்கு எதிர்ப்பு சக்தி குறையுமா?
– பென்னாகரம் வாசகர், வயது 61

ஆம்லோடிபின் அடைப்பது ரத்தக் குழாய்த் தசையில் மின் மாற்றத்தால் திறக்கும் எல்-வகை சேனலை. டி செல் முக்கியமாக நம்பியிருப்பது ஒராய்1 சேனலை. அது வேறு புரதம், திறக்கும் விதமும் வேறு. பிரஷர் மாத்திரையால் டாக்ரோலிமஸ் போல எதிர்ப்பு சக்தி அடங்குவதில்லை. ரத்தத்தில் கால்சியம் அளவும் குறையாது. ராகியும் பாலும் சாப்பிடலாம். பயந்து மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகும்போது பிரஷர் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். டெங்குவாக இருந்து ரத்தக் குழாய் கசிந்தால் பிரஷர் தானே இறங்கும். அந்தச் சில நாள் ஆம்லோடிபினை நிறுத்திவைக்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே போகவேண்டும். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். அதுவரை பாரசிட்டமால் மட்டும் போதும், வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.